பெராத்: சன்னல் ஊரில் எங்கே தங்குவது, எப்படி ஏறுவது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அல்பேனியாவில் ஓசும் ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் பெராத் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து செலவழித்துப் போகலாம், கொடுத்த காசு வீணாகாது. ஆனால் தலைநகர் திரானாவில் காலையில் ஏறி மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றாகப் போகவே வேண்டாம். அந்தச் சுற்று வண்டிகள் வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டிருக்கும். வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசும், கற்பாதை காலைச் சுடும், படமும் சப்பையாகத்தான் விழும். பழைய குடியிருப்புக்குள்ளேயே இரண்டு இரவு தங்கினால், அதிகாலை, அந்தி, விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் கையில் கிடைக்கும். இந்த ஊரைப் பார்க்க வேண்டிய நேரம் அந்த மூன்றுதான்.

அடுத்த முடிவும் அதே அளவு முக்கியம்: எந்தக் குடியிருப்பில் அறை எடுக்கிறீர்கள் என்பது. ஊரின் அழகும் சிரமமும் ஒரே சரிவில்தான் இருக்கின்றன. இடம் தெரிந்து எடுத்தால் பெரியவர்களையும் அழைத்துப் போகலாம். தெரியாமல் எடுத்தால் முதல் நாளே முழங்கால் போய்விடும்.

ஊரின் அமைப்பு இதுதான். ஆறு கிட்டத்தட்ட கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. வடகரையில் செங்குத்தான மலை. அதன் உச்சியில் கோட்டை. கோட்டைக்குள் இருக்கும் குடியிருப்பின் பெயர் கலா. அந்த மலையின் காலடியில், ஆற்றைப் பார்த்தபடி அடுக்கடுக்காக இறங்குவது மங்கலெம். (நம் மங்கலத்தோடு எந்த உறவும் இல்லை, ஆனால் ஒரு முறை கேட்டால் நமக்கு மறக்காத பெயர்.) எதிரே தென்கரையில், இன்னொரு மலையின் அடியில் கொரிட்சா. மங்கலெம் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதி. கலாவிலும் கொரிட்சாவிலும் கிறிஸ்தவர்கள் அதிகம். இந்த மூன்றும் சேர்ந்த பழைய நகரை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 2005-இல் இடம்பெற்ற ஜிரோகாஸ்தர் நகரோடு இணைத்து ஒரே பதிவாக.

மங்கலெமில் தங்குவதையே பெரும்பாலானவர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். வெயில் படும் பக்கம், கடைத்தெரு பக்கத்திலேயே, பள்ளிவாசல்களும் அருகில். ஆனால் 'மங்கலெம்' என்று விளம்பரத்தில் இருந்தால் மட்டும் போதாது. வண்டி ஆற்றோரச் சாலை வரைதான் வரும். அதற்கு மேல் ஓர் ஆள் அகலத்துச் சந்து, உயரம் ஒத்துப்போகாத படிகள். முதல் வரிசை வீடு என்றால் இருபது முப்பது படியோடு முடியும். மேல் வரிசை என்றால் பெட்டியோடு மூச்சு முட்டும். அறை எடுக்கும் முன் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி?" எண்ணைச் சொல்பவரிடம் எடுங்கள். 'பக்கம்தான், கொஞ்ச தூரம்தான்' என்று மழுப்பினால் விட்டுவிடலாம். சக்கரப்பெட்டி இங்கே உதவாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சக்கரம் மாட்டி, அச்சு உடைந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. தோளில் மாட்டும் பையே சரி. பெரிய பெட்டி இருந்தால் திரானாவில் தங்கிய விடுதியிலேயே கேட்டு வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கான துணியோடு வாருங்கள்.

கொரிட்சா வேறு வகை. மலை அதற்குத் தெற்கே நிற்பதால் குளிர்காலத்தில் வெயில் அங்கே எட்டிப் பார்ப்பதே குறைவு. சுவர் ஈரமாகவும் அறை சில்லென்றும் இருக்கும். அதே காரணத்தால் ஜூன், ஜூலையில் தங்க மிகவும் இதமான பக்கம் அதுதான். இன்னொரு சௌகரியம்: மங்கலெமின் சன்னல் வரிசையை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டிய இடமே கொரிட்சாதான். மங்கலெமில் தங்குபவர்கள் அந்தக் காட்சிக்குள் இருக்கிறார்கள். கொரிட்சாவில் தங்குபவர்கள் அதைச் சன்னலைத் திறந்தால் பார்க்கிறார்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்குக் கொரிட்சாவின் கீழ் வரிசையே நல்லது. உணவகங்கள் குறைவு, பாலத்தைத் தாண்டினால் கிடைத்துவிடும்.

கோட்டைக்குள் கலாவில் தங்குவது இளையவர்களுக்கும் அமைதி தேடுபவர்களுக்கும். சுற்று வண்டிகள் போன பிறகு அந்த மதிலுக்குள் கேட்கும் அமைதி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ஒரு தண்ணீர்ப் போத்தல் மறந்துவிட்டது என்று கீழே இறங்கினால் திரும்ப ஏற வேண்டும்.

அந்த ஏற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் நடுவிலிருந்து கோட்டை வாசலுக்கு ஒரு கல் பாவிய சாலை நேராக மேலே போகிறது. நல்ல நடையில் 15 முதல் 20 நிமிடம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா உச்சிக்குப் போகும் தார்ச்சாலையின் செங்குத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலடியில் தாருக்குப் பதில், பலகாலம் மிதிபட்டு வழவழப்பான சுண்ணாம்புக்கல். ஏறுவது மூச்சைப் பார்க்கும், அவ்வளவுதான். வழுக்குவது இறங்கும்போதுதான், அதிலும் மழை தூறியிருந்தால் கண்ணாடியில் நடப்பது மாதிரி. நம் ஊர்ச் செருப்பு, தேய்ந்த அடிப்பாகம் கொண்ட நடைக்காலணி, தோல் அடி போட்ட சப்பாத்து எதுவும் உதவாது. வெட்டுள்ள ரப்பர் அடி வேண்டும். பாதையின் நடுவை விட்டு ஓரமாக, கல் கரடாக இருக்கும் இடத்தில் பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். பெரியவர்கள் இருந்தால் டாக்சியில் கோட்டை வாசல் வரை போய்விடலாம். ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி, திரும்ப அழைத்துப்போகும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். கோட்டையின் ஆற்றுப் பக்கம் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூய மிக்கேல் தேவாலயம் கீழிருந்து பார்க்க அழகு. அதை நோக்கி இறங்கும் ஒற்றையடிப் பாதையை ஈர நாளில் தொடவே வேண்டாம்.

இனி அந்தச் சன்னல்கள். சுற்றுலாத்துறை 'ஆயிரம் சன்னல்களின் நகரம்' என்கிறது. ஊரில் சிலர் அதை 'ஒன்றன்மேல் ஒன்றான சன்னல்கள்' என்று திருத்துவார்கள். அல்பேனிய மொழியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். கொரிட்சா பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டாவது பெயரே உண்மை என்று தெரியும். ஒரு வீட்டின் கூரை முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் சன்னல் தொடங்குகிறது. யாரும் யாருடைய வெளிச்சத்தையும் மறைக்காமல் கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். கீழ்த்தளம் கனத்த கல்; அதில் சன்னல் இருக்காது, இருந்தாலும் ஒரு சிறு துவாரம். தானியம், எண்ணெய், விறகு வைத்த இடம் அது. மேல்தளம் மரச்சட்டம். அதில் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, வெள்ளையடித்திருப்பார்கள். கல் சுமையைத் தாங்க, மரம் லேசாக மேலே நிற்க, அந்த மேல்தளம் சந்தின் மேல் முழங்கை அளவு துருத்தி நிற்கும். துருத்தும் விட்டங்களுக்குக் கீழே வளைந்த மரத்தாங்கிகள். துருத்தியதால் உள்ளே அறை பெரிதானது. மரச்சட்டமானதால் சுவரில் எத்தனை சன்னல் வேண்டுமானாலும் திறக்க முடிந்தது. முகப்பு முழுக்க உயரமான சன்னல்கள் வரிசையாக நிற்கும். பல வீடுகளில் இரண்டு சன்னலுக்கு நடுவே இருக்கும் வெள்ளைப் பட்டை சன்னலின் அகலத்தைவிடக் குறைவு. இதே வேலையைக் கல்லில் செய்திருந்தால் சுவர் நின்றிருக்காது.

அந்த வெள்ளை நமக்குத் தெரிந்த வெள்ளைதான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, தண்ணீரில் நீற்றி, நீர்க்கக் கரைத்துப் பூசுவது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். வெயிலைத் திருப்பி அனுப்பும், பூச்சி அண்டாது. எல்லாவற்றையும்விட, சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, மரப்பட்டி உளுத்துப்போகும். 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட, சிங்கப்பூரில் நம் தேக்காவின் கடைவீடுகளுக்கும் இதே சிக்கல் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் அடித்த இடம் பார்த்து உப்பி நிற்கும். பெராத்தில் எது சுண்ணாம்பு, எது பெயின்ட் என்று கண்டுபிடிப்பது எளிது. சுண்ணாம்பு தேயும்போது மாவாக உதிரும், பெயின்ட் தோலாக உரியும். கருநீலச் சட்டையோடு சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்பவர்கள் முதுகில் எதைச் சுமந்து போகிறார்கள் என்பதை வைத்தும் சொல்லிவிடலாம்.

இந்த வீடுகளின் உள்ளே பார்க்க மங்கலெம் மேலே இருக்கும் இனவரைவியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 18-ஆம் நூற்றாண்டு வீடு, 1979-இல் அருங்காட்சியகமானது. கீழே நெசவு, வெள்ளிவேலைக் கருவிகள். மேலே சமையலறை, படுக்கையறை, விருந்தினர் அறை. விருந்தினர் அறையில் ஒரு சிறிய உள்பரணைத் தவறவிடாதீர்கள். மஃபில் என்பார்கள். வீட்டுப் பெண்கள் மறைவாக அமர்ந்து கீழே ஆண் விருந்தினர்களைக் கவனித்த இடம். யாருடைய கிண்ணம் காலியானது என்று அங்கிருந்தே தெரிந்துவிடும். முக்கால் மணி நேரம் போதும்.

கோட்டைக்கு அரைநாள் ஒதுக்குங்கள். இங்கே கோட்டை என்பது வெறும் இடிபாடு இல்லை. குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன, கொடியில் துணி காய்கிறது, வாசலில் பாட்டிமார் கையால் பின்னிய வெள்ளை மேசைவிரிப்புகளை மதிலில் தொங்கவிட்டு விற்கிறார்கள். கி.மு. 200-இல் ரோமானியர் கைப்பற்றி மதிலைத் தகர்த்த அந்திபாத்ரேயா என்ற பழைய ஊர் இதுதான். அந்தப் பழைய அடிக்கட்டுக் கற்களின் மேல் 13-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியர் எழுப்பிய மதிலே இன்று நாம் பார்ப்பது. வாசலருகே மதிலில் செங்கல்லால் பதித்த பெயரெழுத்தைத் தேடுங்கள்: மிக்கேல் கொம்நேனோஸ் என்ற ஆட்சியாளருடையது. செங்கல் நிறம் வேறாக இருப்பதால் நின்று பார்த்தால் கண்ணில் படும். ஓட்டோமான் ஆட்சி 1417-இல் வந்தது.

உள்ளே பார்க்கவேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஒனுஃப்ரி அருங்காட்சியகம். 1797-இல் கட்டிய தூய மரியாள் பேராலயத்துக்குள் இருக்கிறது. ஒனுஃப்ரி 16-ஆம் நூற்றாண்டின் திருவோவியர். அவருடைய சிவப்புக்காகவே அவரைச் சொல்வார்கள். படத்தின் முன் நேராக நில்லாமல் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். தங்கத் தகடு மின்னி அணையும், அந்தச் சிவப்பு மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். அதன் பிறகு பேராலயத்தின் மரத்திரை: தரையிலிருந்து மேல்வரை செதுக்கி, தங்கம் பூசியது. கொடிகளுக்குள் பறவைகளும் விலங்குகளும் ஒளிந்திருக்கின்றன. நம் தேர்ச் சிற்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே அரைமணி நேரம் போவது தெரியாது. ஒரு எச்சரிக்கை: பெராத்தின் பெயர்பெற்ற ஊதாத் தோல்சுவடி, வெள்ளி மையில் எழுதிய 6-ஆம் நூற்றாண்டு நற்செய்திப் பிரதி, இங்கே இல்லை. அது திரானாவின் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கலாம் என்று மலை ஏற வேண்டாம்.

கோட்டைக்குள் இருக்கும் மற்ற சிறு தேவாலயங்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பலர் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் தவறு. அருங்காட்சியகத்தில் சீட்டு வாங்கும்போதே "மற்ற தேவாலயங்களின் சாவி யாரிடம்?" என்று கேளுங்கள். ஆள் இருந்தால் கூடவே வந்து திறந்துவிடுவார். சிறு தொகை கொடுப்பது மரியாதை. திங்கட்கிழமையை மட்டும் நம்பிப் பயணத் திட்டம் போடாதீர்கள், அருங்காட்சியகங்கள் மூடியிருக்க வாய்ப்பு அதிகம். படம் எடுக்கலாமா என்று உள்ளே நுழையும் முன்பே கேட்டுவிடுங்கள். கடைசியாக, தெற்கு முனையில் ஆற்றைப் பார்க்கும் மதில்மேடு. அங்கே பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கிழக்கே தோமோர் மலை (2,416 மீட்டர்) தெரியும். அல்பேனியர்களுக்குப் புனித மலை. இன்னொரு பக்கம் ஷ்பிராக் மலைச்சரிவில் பெரிய வெள்ளை எழுத்துகள். சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் முதற்பெயரை (ENVER) 1968-இல் கற்களில் வெள்ளையடித்து எழுதியது. 2012-இல் ஓர் ஓவியக் கலைஞர் முதல் இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றிவிட்டார். இப்போது அது ஆங்கிலத்தில் NEVER, அதாவது 'ஒருபோதும் இல்லை' என்று படிக்கிறது.

கீழே இறங்கினால் சுல்தான் பள்ளிவாசலும் அதன் பக்கத்தில் ஹல்வத்தி தெக்கேயும் ஒரே முற்றத்தில். பள்ளிவாசல் 15-ஆம் நூற்றாண்டு. தெக்கே என்ற சூஃபி மடத்தை 1782-இல் அகமது குர்த் பாஷா புதுப்பித்துக் கட்டினார். தெக்கேயின் மரக்கூரையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தி நிற்க வேண்டும். செதுக்கலும் பொன்பூச்சும் 1967-க்குப் பிறகும் தப்பிப் பிழைத்தவை. அந்த ஆண்டு அரசு சமய வழிபாட்டையே தடை செய்தது. 1961-இலேயே ஊரை 'அருங்காட்சியக நகரம்' என்று அறிவித்திருந்தது பல கட்டடங்களைக் காப்பாற்றியது.

கொரிட்சா பாலத்தையும் அதே பாஷாதான் 1780-இல் மரத்தில் கட்டினார். கல்லில் மாற்றியது 1920-களில். ஏழு வளைவு, 129 மீட்டர் நீளம். ஆற்றில் கோடையில் தண்ணீர் மெலிந்து கூழாங்கல் திட்டுகள் தெரியும். படங்களில் பார்த்த நிறைந்த ஆறு வேண்டுமென்றால் ஏப்ரல், மே. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கொரிட்சா பக்கம் நின்று மங்கலெமைப் படமெடுங்கள். இரவுப் படத்துக்கு, பழைய பாலத்தைவிட மங்கலெமுக்கு நேரெதிரே இருக்கும் நடைபாலம் கோணத்துக்குச் சரி. ஆனால் ஆள் நடந்தால் அது லேசாக ஆடும், கேமராவைத் தாங்கியில் வைத்தாலும் படம் கலங்கும். பாலம் முடியும் கரையில் நின்று எடுங்கள்.

சாப்பாடு நமக்கு நன்றாகவே ஒத்துப்போகும். இதை அழுத்தியே சொல்கிறோம், ஏனென்றால் பால்கன் பக்கம் என்றாலே ரொட்டியும் இறைச்சியும்தான் என்று பயந்து மூட்டை மூட்டையாக உடனடி நூடல்ஸ் கட்டுகிறார்கள். புயிரெக் என்ற மெல்லிய மடிப்பு அப்பத்தைக் கீரை வைத்தும், கிஸ் என்ற பாற்கட்டி வைத்தும் காலையில் சுடச்சுட விற்பார்கள். ஃபெர்கெஸ் என்பது குடைமிளகாய், தக்காளி, பாற்கட்டியை மண்சட்டியில் வதக்கிச் சூட்டோடு கொண்டுவருவது. ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட நம் தொக்கு மாதிரி. வெண்டைக்காய்க் குழம்பு உண்டு, பாமியே என்பார்கள். அரிசி அடைத்த குடைமிளகாய் உண்டு. கெட்டித் தயிருக்குக் கோஸ் என்று பெயர். தால் என்று கேட்டால் பருப்பு வராது, உப்புப் போட்ட மோர் வரும்; ஏற்றம் இறங்கிய வெயில் நேரத்தில் அதைவிட நல்ல பானம் இல்லை.

சைவர்கள் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இறைச்சிச் சாறு. காய்கறிச் சூப், பிலாஃப் சோறு, அவரைக் குழம்பு மூன்றிலும் எலும்புச்சாறு சேர்ப்பது வழக்கம். 'பா மிஷ்' (இறைச்சி வேண்டாம்) என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். 'சூப்பில் இறைச்சித் தண்ணீர் இருக்கிறதா' என்று தனியாகக் கேட்க வேண்டும். பள்ளிவாசல்கள் நிறைந்த ஊர் என்பதால் எல்லாம் ஹலால் என்று எண்ணிவிடக் கூடாது. நம் மூயிஸ் ஹலால் முத்திரை போல எதுவும் கடை வாசலில் தொங்காது, அதே பட்டியலில் பன்றி இறைச்சியும் இருக்கும். உறுதியாக வேண்டுபவர்கள் மீனும் காய்கறியுமே கேட்டுக்கொள்ளலாம்.

கேட்கும்போது தலையைக் கவனியுங்கள். இங்கே பழைய தலைமுறை 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டும். 'இல்லை' என்பதற்கு மேலே ஒரு தூக்குத் தூக்கும். நம் தலையாட்டலோடு இது பாதி ஒத்துப்போவதால்தான் குழப்பமே. நாம் 'போதும், போதும்' என்று ஆட்டியதை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டு இன்னொரு தட்டு கொண்டுவந்து வைப்பார்கள். வாயால் சொல்லிவிடுங்கள்: 'போ' என்றால் ஆம், 'யோ' என்றால் இல்லை.

பணத்தில் ஒரு பொறி உண்டு. அல்பேனிய நாணயம் லெக். 1965-இல் பத்துப் பழைய லெக் ஒரு புதிய லெக் ஆனது. இன்றும் சந்தையிலும் டாக்சியிலும் பழைய கணக்கிலேயே விலை சொல்வார்கள். 'ஐயாயிரம்' என்றால் 500 லெக். ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, பழக்கம். ஆனால் நீங்கள் ஐயாயிரத்தை எடுத்து நீட்டினால் பத்து மடங்கு கொடுத்ததாகிவிடும். 'புதுசா, பழசா?' என்று கேளுங்கள், அல்லது கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு யூரோ ஏறத்தாழ 100 லெக் என்று வைத்துக் கணக்குப் போட்டால் போதும். தேக்காவின் பணமாற்றுக் கடைகளில் லெக் தேடி அலைய வேண்டாம். யூரோ நோட்டாக வாங்கிப்போய் அங்கே மாற்றுங்கள். வங்கி இயந்திரங்கள் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும், அதனால் சிறுசிறு தொகையாக எடுக்காதீர்கள். கோட்டை, அருங்காட்சியகம், பேருந்து எல்லாமே ரொக்கம்தான் என்று நினைத்துச் சில்லறை வைத்திருங்கள்.

போகும் வழி: சிங்கப்பூரிலிருந்து திரானாவுக்கு நேரடி விமானம் இல்லை, இஸ்தான்புல்லில் மாறுவது எளிது. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதிக்காரர்களும் கவனிக்க: ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில் அல்பேனியா இல்லை. பலமுறை நுழையும் ஷெங்கன், பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்து, ஒரு முறையாவது பயன்படுத்தியும் இருந்தால் அதை வைத்து உள்ளே விடுகிறார்கள், இல்லையென்றால் மின்விசா. விதி மாறக்கூடியது, டிக்கெட் வாங்கும் முன் அல்பேனிய வெளியுறவு அமைச்சின் பக்கத்தில் பாருங்கள். ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவில் இத்தாலி போய், அங்கிருந்து 'பக்கம்தானே' என்று பெராத்துக்கு வந்தால், திரும்ப இத்தாலிக்குள் நுழைய முடியாது. ஐரோப்பா முழுதுக்கும் என்று விற்கும் தரவு சிம் அட்டையிலும் அல்பேனியா விட்டுப்போயிருக்கும். வாங்கும் முன் நாட்டுப் பட்டியலைப் படியுங்கள். மின்செருகி இரட்டை வட்டமுள். நம் மூன்று தட்டைமுள் நுழையாது, மாற்றி கொண்டுபோங்கள்.

திரானாவின் வட்டாரப் பேருந்து நிலையத்திலிருந்து பெராத்துக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அட்டவணையை வேதவாக்காக நம்ப வேண்டாம். காலையில் வண்டி நிறைய, பிற்பகலுக்குப் பிறகு குறையும். விமானம் பிற்பகலில் இறங்கினால் அன்றிரவு திரானாவில் தங்கிவிடுங்கள். பெராத் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. இறங்கிய இடத்தைப் பார்த்து 'இதற்கா வந்தோம்' என்று மனம் சோர வேண்டாம். அது சோவியத் பாணிப் புதுக் கட்டடங்களின் பகுதி. நகரப் பேருந்தில் ஏறி ஆற்றோரம் மங்கலெம் அடியில் இறங்குங்கள்.

காலம்: நம் பள்ளி விடுமுறைகளில் செப்டம்பர் வாரம்தான் முதல் தேர்வு. வெயில் தணிந்து, அத்திப்பழமும் திராட்சையும் பழுத்திருக்கும். மார்ச் விடுமுறையில் மழைக்குத் தயாராகப் போகலாம். ஜூன் முற்பாதி பரவாயில்லை. பகல் நீளம் என்பதால் நண்பகலை அறையில் கழித்துவிட்டு ஐந்து மணிக்குமேல் ஏறலாம். ஆண்டிறுதி விடுமுறைக்கு இந்த ஊரை எடுக்காதீர்கள். பகல் குறைவு, மழை அதிகம், வழுக்கும் கல், பல விடுதிகளும் கடைகளும் மூடியிருக்கும்.

பழைய வீட்டில் நடத்தும் தங்கும் விடுதிகளில் சேவை பொதுவாக அன்பானது. குறைகளும் ஒரே மாதிரியானவை. கதவு உயரம் குறைவு, நெற்றியில் இடிக்கும். பரண் அறைகளில் சாய்ந்த கூரை. பிறகு சேர்த்த குளியலறை என்பதால் வடிகால் மெதுவாக இறங்கும், தரையெல்லாம் ஈரமாகும். வெந்நீர் சிறு தொட்டியில் சூடாகிறது. நான்கு பேர் தொடர்ந்து குளித்தால் மூன்றாமவருக்கே தண்ணீர் ஆறிவிடும். மாலையில் இருவர், காலையில் இருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை அறைகளில் தண்ணீர் அழுத்தமும் குறையும். இவை எல்லாம் மன்னிக்கத்தக்கவை. மன்னிக்க முடியாதது குளிர்ப்பதனம் இல்லாத பரண் அறையை ஜூலையில் முழு விலைக்குக் கொடுப்பது. பகல் முழுதும் ஓட்டுக்கூரை வாங்கிய சூடு நள்ளிரவு வரை தலைக்குமேல் நிற்கும். எடுக்கும் முன் 'அறை எந்தத் தளம், குளிர்ப்பதனம் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறதா' என்று எழுதிக் கேட்டு, பதிலை வைத்திருங்கள்.

காலை உணவு பெரும்பாலும் அறை வாடகையிலேயே சேரும், விட்டுவிடாதீர்கள். பெத்துலா என்ற உப்பிய பொரித்த மாவு (பூரிக்கும் போண்டாவுக்கும் நடுவில்), தேன், வெள்ளைப் பாற்கட்டி, முட்டை, தக்காளி, மலைத்தேநீர். கூடவே ஒரு சிறு கண்ணாடித் தட்டில் கிளிகோ வரும்: இளம் அத்திக்காயை முழுசாகச் சர்க்கரைப்பாகில் காய்ச்சியது. கரண்டியால் ஒன்றை எடுத்து, ஒரு வாய் குளிர்ந்த தண்ணீரோடு சாப்பிட வேண்டும். பிடித்திருந்தால் கோட்டைக்குள் பாட்டிமார் போத்தலில் அடைத்து விற்பதை வாங்கலாம். மூடியைத் திருகிப் பார்த்து, ஓரத்தில் பாகு கசியாத போத்தலாக எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, விமானத்தில் கைப்பைக்குள் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அதைத் திரவமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.